சாப்பாட்டுப் பாத்தி

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரமாகவே போய்க்கொண்டிருந்தால், மரம் என்று ஒன்றைப் படைத்ததையே கடவுள் மறந்துவிட்ட மாதிரி ஒரு வெட்டவெளி வரும். அங்கே தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் குனிந்து நிமிர்கிற மனிதர்கள் மட்டும்தான் கறுப்பு. காக்காய்கூட உட்கார இடமில்லாமல் உப்புக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டு, கால் சுட்டு, திட்டிக்கொண்டே பறந்துபோகும். அந்த உப்பளத்தில்தான், கத்திரி வெயில் காய்ந்த ஒரு முற்பகலில், வரப்பின்மேல் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த பலவேசம் கையிலிருந்த பலகையை நழுவவிட்டான், களைத்தவன் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள் அவனை அள்ளி எடுத்து, உப்பு ஏற்ற வந்திருந்த வண்டியிலேயே கிடத்தி, டவுனுக்குக் கொண்டுபோனார்கள். போன அவசரத்தில் ஆளை எடுத்தவர்கள் அவனுடைய நிழலை எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் மறுபடியும் வேலைக்கு வந்தபோது அது அங்கேயே கிடந்தது. பலவேசம் கடைசியாக நின்ற வரப்பில் காலை ஊன்றி, மேற்கே இருந்த பாத்தியின் குறுக்கே நீட்டிப் படுத்து, பாத்தியின் மூலையில் தலையை வைத்துக் கிடந்தது. மற்றவர்களுடைய நிழல்கள் சூரியன் ஏற ஏறக் குறுகி, இறங்க இறங்க நீண்டு, அதுபாட்டுக்கு ஊழியம் செய்துகொண்டிருக்க, பலவேசத்தின் நிழல் மட்டும் அவன் விழுந்த வேளையிலேயே நின்றுவிட்டது. வெயில் வந்தால் வரும், வெயில் போனால் போகும், மற்றபடி இம்மியும் நகராது. உயிரோடிருந்தபோது பலவேசம் ஒன்றும் பெரிய ஆகிருதி இல்லை, சட்டையைக் கழற்றினால் எலும்பு தெரிகிற உடம்புதான். ஆனால் செத்தவர்கள் எல்லோரும் செத்த பிறகு கொஞ்சம் பெரியவர்களாகிவிடுவது வழக்கம் என்பதால், நிழலும் பருத்துப் பரந்து, ஒரு வேப்பமரத்தடி அளவுக்கு ஆகியிருந்தது.

யாரும் அலறவில்லை. அளத்தின் கங்காணி தவசிமுத்து நிழலைச் சுற்றி ஒரு நடை நடந்தார், எதனுடைய நிழலாக இருக்கும் என்று அண்ணாந்து பார்த்தார், மேலே ஒன்றும் இல்லாததால் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பலவேசந்தான். தோள்பட்ட ஒரு பக்கம் எறங்கியிருக்கு பாருங்க" என்றார்.

பலவேசத்தின் தங்கை இசக்கியம்மாள் அதே அளத்தில் வேலை பார்ப்பவள். அவள் வரப்பில் நின்று அழுது முடித்து, முந்தானையால் மூக்கைச் சிந்தி, "எங்கண்ணன் இன்னும் போகல்ல" என்றாள். அதைக் கேட்டு எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அதற்குமேல் அதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய யாருக்கும் நேரமில்லை. பாத்தியில் உப்பு பூத்து நின்றது, வாராவிட்டால் கெட்டுப்போகும்.

உப்புக்கு வெயில் வேண்டும். நிழல் விழுந்த பாத்தியில் விட்ட கடல்தண்ணீர் விட்டபடியே கிடந்தது, ஓரத்தில்கூட உப்பு தட்டவில்லை. தவசிமுத்து சில நாள் பொறுத்துப் பார்த்தார், பிறகு மடையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார். பாத்தி காய்ந்தது. காய்ந்த அன்றைக்குத்தான், சாப்பாட்டு வேளையில், கண்ணெல்லாம் கூசிக் கொப்பளித்துப்போய், எரிகிற காலோடு, வழக்கம்போல உப்புக் குவியலின் ஓரத்தில் ஒண்டப் போனவர்களில் யாரோ ஒருத்தி நின்று திரும்பிப் பார்த்தாள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அந்த அளத்தில் ஒதுங்கி உட்கார நிழல் என்று ஒன்றை யாரும் கண்டதில்லை. கண்ட நிழலைப் பேய் என்று சொல்லித் தள்ளிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து பலவேசத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

அப்படியே அது சாப்பாட்டுப் பாத்தி ஆனது. அதற்கென்று ஒரு மரியாதையும் தானாகவே உண்டானது. செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும், கால்மாட்டுப் பக்கமாக நுழைய வேண்டும், ஒற்றை அறை வீட்டில் தூங்குகிற ஆளைச் சுற்றி நடப்பதுபோலப் பக்கவாட்டில் மெல்ல அடி வைத்து, நெஞ்சுக்கும் கைக்கும் இடைப்பட்ட இடத்தில் ஒதுங்கி உட்கார வேண்டும். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். தலைமாடு யாருக்கும் கிடையாது. எச்சில் துப்புகிறவனுக்குத் தவசிமுத்துவிடம் வசவு விழும். ஒருவர் பாய் கொண்டுவந்தார், ஒருவர் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கழுத்தோரமாக வைத்தார், அதில் தண்ணீர் மண்பானைத் தண்ணீராகக் குளிர்ந்தது. பக்கத்து அளத்து ஆட்கள் தூக்குவாளியோடு விருந்தாளிகள்போல வரத் தொடங்கினார்கள். அவர்களைத் திட்டி இழுத்துக்கொண்டு போக வந்த அவர்களுடைய கங்காணி, பேசிக்கொண்டே வந்து நிழலுக்குள் கால் வைத்தார், "ஸ்ஸப்பா" என்றார், உட்கார்ந்துவிட்டார். ஆவியைக் கட்டித் தருகிறேன் என்று வந்த ஒரு கோடாங்கிக்குப் பெண்கள் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். உடுக்கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் வெயில் தாழ்ந்துதான் எழுந்தார், நல்ல மனுசன், கிடக்கட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்து பலவேசத்தின் மனைவி சந்தனமாரி அளத்துக்கு வந்தாள். அவளும் அங்கே உப்பு சுமந்தவள்தான், நடையில் வேகமும் பேச்சில் காரமும் உள்ளவள், கங்காணியையே கேலி பேசுகிறவள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போனாள், யாரும் உட்காராத தலைமாட்டில், நிழல் விழுந்த மண்ணை ஒட்டிக் காலை மடக்கி உட்கார்ந்தாள். "வந்துட்டேன்" என்று சொன்னாள். அதைக் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் வருவாள், வெயில் மறைகிறவரை இருப்பாள். வேலைக்கு வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூரை ஒழுகுகிறதைச் சொல்வாள், பூனை குட்டி போட்டதைச் சொல்வாள், இன்றைக்கு மீன் சரியில்லை என்பாள், பதில் வராததைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, உயிரோடிருந்தபோதும் பலவேசம் அதிகம் பேசியவன் இல்லை. கொண்டுவந்த சோற்றில் பாதியைத் தின்று பாதியை மண்ணில் வைப்பாள். போகப் போக முக்கால் பங்கை வைத்துவிட்டுக் கால் பங்கைத் தின்றாள். புருசனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி, "கொடுத்து வச்சவ. எனக்கு ஒரு சட்டைத் துணிகூட மிஞ்சல" என்று பெருமூச்சு விட்டாள். அது எல்லோருடைய எண்ணமும்தான். மாரி கொடுத்து வைத்தவள், புருசன் போயும் போகாமல் இருக்கிறான், அவனால் நமக்கும் ஒரு நிழல் கிடைத்தது என்று நினைத்தார்கள். அவள் உடம்பு வெளுத்துக்கொண்டு வந்ததை, செம்புக்கு அடியில் அகப்பட்ட புல்லைப்போல அவள் நிறமற்றுப் போனதை, நிழலில் இருந்தால் யாருக்கும் நிறம் கூடத்தானே செய்யும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

ஐப்பசியில் மழை வந்தது. அளம் முழுக்க ஒரே தண்ணீராகி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கடலோடு கடலாகக் கிடந்தது. ஆட்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். வெயில் இல்லாததால் பலவேசமும் இல்லை. சந்தனமாரி ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தினமும் வந்து, சாப்பாட்டுப் பாத்தி இருந்த இடமாகப் பார்த்து, முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டுப் போனாள். அந்த மாதங்களில் ஊரில் யாருக்குமே நிழல் விழவில்லை, மேகம் எல்லோரையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. ஆகவே நடந்துகொண்டிருந்த ஒன்று யார் கண்ணிலும் படவில்லை.

தை பிறந்து வெயில் அடித்த முதல் காலையில் இசக்கிதான் பார்த்தாள். அவளும் சந்தனமாரியும் அளத்துச் சாலையில் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள், பின்னால் சூரியன், முன்னால் நிழல். இசக்கியின் நிழல் நெட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளியின் நிழல் மட்டும், பிடித்திருக்கிற கை இல்லாமல், தானாக ஆடிக்கொண்டு போனது. இசக்கி நின்றாள். மதினியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"மதினி. ஒனக்கு நெழலு விழல்ல."

சந்தனமாரியும் குனிந்து பார்த்தாள். காலை ஒருதரம் தூக்கி வைத்தாள்.

"அதுக்கென்ன இப்போ? ஒங்கண்ணன் நெழலு கெடக்குல்லா, அது போதும்" என்று சொல்லி நடந்தாள்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, அந்த ஊர் எதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இன்னொரு ஆளை ஏற்றினார், ஏறியவரும் உட்கார்ந்தார், இருவருக்கும் இடைஞ்சல் இல்லை. கோயிலில் பூசாரியின் திருநீற்றுத் தட்டு அவளைத் தாண்டிப் போனது. குழாயடியில் அவளுடைய குடத்தை நகர்த்திவிட்டுக் குடம் வைத்தவர்கள், அட நீ நிக்கியா என்று பிற்பாடு வருத்தப்பட்டார்கள். யாருக்கும் அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. பாவம், புருசனோடு இருக்கிறாள் என்றார்கள். இசக்கி மட்டும் ராத்திரி சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள், அண்ணனைப் பறிகொடுத்தாயிற்று, மதினியையும் கண்ணெதிரே பறிகொடுக்கிறேனே என்று தன் புருசனிடம் சொன்னாள். அதற்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் பாத்தி மிதிப்பு ஆரம்பித்தது. மழையில் குழைந்துபோன பாத்தியின் மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஆட்கள் வரிசையாக, முன்னால் இருப்பவர் தோளில் கையை வைத்துக்கொண்டு, குதிகால் பதிய, முழு உடம்பின் பாரமும் இறங்க, அடிக்கு அடி விடாமல் மிதித்துப் போய் மிதித்துத் திரும்புவார்கள். அந்த மிதியில்தான் பாத்தி சிமிண்டுத் தரையாக இறுகும், இறுகினால்தான் தண்ணீரை உறிஞ்சாது, உறிஞ்சாவிட்டால்தான் உப்பு. ஆனால் சாப்பாட்டுப் பாத்திக்கு வந்தபோது வரிசை நின்றது. நிழலில் உட்காருவது வேறு, அது மடியில் உட்காருவது மாதிரி. மிதிப்பது என்றால் அது ஒரு மனிதனை மிதிப்பது. தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் அவர்கள்.

"அது கெடக்கட்டும். சோறு திங்கதுக்கு ஒரு எடம் வேண்டாமா" என்று தவசிமுத்து முடித்துவிட்டார். எல்லோருக்கும் அது சந்தோஷம்தான்.

அந்த வருஷம் சந்தனமாரியும் மிதிக்க வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது, கால் பழக்கத்தில் வந்து வரிசையில் நின்றுவிட்டது. முன்னால் நின்ற இசக்கியின் தோளில் அவள் கை இருந்தது, இசக்கிக்கு அது பாரமில்லாமல், ஒரு ஈரத்துணி காய்கிற மாதிரிதான் இருந்தது. பாத்தியின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பியபோது தவசிமுத்து குனிந்து மண்ணைப் பார்த்தார். எல்லோருடைய தடமும் இருந்தது. மாரி கால் வைத்த இடங்களில் மட்டும் மண் குழைந்தபடியே, ஒரு கோழி நடந்த அடையாளம்கூட இல்லாமல் இருந்தது. அவர் நல்லவர், அதனால் சத்தமில்லாமல் சொன்னார்.

"தாயி, நீ போயி அவன் பக்கத்துல இரி. ஒம் பங்கையும் நாங்க மிதிச்சுக்கிடுதோம்."

அவள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதன்முதலாக அவளுக்குள் ஏதோ ஒன்று இலேசாக நெருடியது. பாத்தி மிதிப்பில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்று பேர் வாங்கியவள் அவள்.

அந்த வருஷம் புதிதாக வேலைக்கு வந்திருந்தவள் செல்வக்கனி, உள்நாட்டு ஊரொன்றிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண். இளைப்பாற நிழலுக்கு வந்தவள், மரியாதையெல்லாம் தெரிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, தலைமாட்டில் இருந்தவளைப் பார்த்துச் சும்மா கேட்டாள்.

"அக்கா, அத்தான் பார்க்க எப்பிடி இருப்பாவ? என்ன சாடை?"

சந்தனமாரி வாயைத் திறந்தாள். நிழலைப் பார்த்தாள். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கும் என்று சொல்லலாம், அது நிழலிலேயே தெரிகிறது. காது விடைத்திருக்கும் என்று சொல்லலாம், அதுவும் தெரிகிறது. அதற்கு உள்ளே என்ன இருந்தது? கண் எப்படி, சிரித்தால் எந்தப் பக்கம் கோணும், கூப்பிட்டால் எந்தச் சுருதியில் கூப்பிடுவான், எதுவும் வரவில்லை. மனசுக்குள் கையை விட்டுத் துழாவினாள், எல்லாம் இருட்டாகவும் குளுமையாகவும் வெளிக்கோடாகவும் இருந்தது. இத்தனை மாதமாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாளே, நிழலுக்கு முகம் கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயந்துபோனாள். புருசன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

"ஏட்டி இசக்கி" என்று கூப்பிட்டாள். மாதக்கணக்கில் யாரையும் கூப்பிடாத அந்தக் குரலைக் கேட்டு இசக்கி ஓடிவந்தாள்.

"ஒங்கண்ணனுக்கு வெட்டுத் தழும்பு எந்தப் புருவத்துல?"

"புருவத்துலயா? என்ன மதினி சொல்லுத. தாடையில்லா. எடது தாடையில."

"தாடையிலயா?"

"வீட்டுலதான் படம் மாட்டியிருக்கே."

"அதுலதான் ஸ்டுடியோக்காரன் தழும்ப அழிச்சு, வேற யாரோ மாதிரி ஆக்கிப்புட்டானே" என்றாள் சந்தனமாரி. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நான் அவிய மூஞ்சிய மறந்துட்டேம்ட்டி" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். தலைமாட்டிலிருந்து சுற்றிக்கொண்டு, வரப்பேறி, கால்மாட்டுக்கு வந்தாள். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகினாள். இசக்கிக்குப் புரிந்துவிட்டது, குறுக்கே வந்து நின்றாள்.

"மதினி, வேண்டாம். எங்கண்ணன் மேல காலு வைக்காத."

"வெலகு."

"எனக்கும் அது ஒண்ணுதான இருக்கு."

சந்தனமாரி இசக்கியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள், பலவேசத்தின் பாதம் கிடந்த இடத்தில் தன் வலது காலை வைத்தாள். கால் பொதுக்கென்று உள்ளே போனது. எடுத்தபோது அங்கே ஒரு தடம் இருந்தது, குதிகாலும் ஐந்து விரலும் அச்சு எடுத்த மாதிரி, தண்ணீர் ஊறிக்கொண்டு. உலகத்தில் வேறு எங்கேயும் பதியாத அவள் கால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பதிந்தது.

மிதிப்பு வரிசை நின்றுவிட்டது. ஆட்கள் வரப்பில் வந்து கூடினார்கள். "மாரி, அது சோறு திங்கிற எடமாக்கும்" என்றார் தவசிமுத்து. நாங்க எங்க போயி உக்காருவோம் என்று ஒருத்தி முனகினாள். செத்தவனை மிதிப்பார்களா, இது அடுக்காது என்றார் ஒருவர். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, வெயில் அவர்கள் தலையில்தான் அடிக்கிறது. இசக்கி எதையும் கேட்கவில்லை, அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து அதை விரலால் தொட்டாள். பாரமான ஒரு ஆளின் தடம் அது.

"மிதி மதினி" என்றாள். "நான் மாட்டேன், எனக்கு ஆகாது. நீ மிதி."

சந்தனமாரி மிதித்தாள். பாதத்தை மிதித்தாள், கெண்டைக்காலை மிதித்தாள், பாவம் பாவம் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, கால் நிற்கவில்லை. இடுப்பைத் தாண்டி முதுகுக்கு ஏறியபோது, முதுகெலும்பு ஓடுகிற அந்த இடத்தில், அவள் உள்ளங்காலுக்கு அந்த மேடு பள்ளம் தெரிந்தது. கண்ணுக்கு மறந்தது காலுக்கு மறக்கவில்லை. கல்யாணமான முதல் வருஷம், இதே தை மாதம், நாள் முழுக்கப் பாத்தி மிதித்துவிட்டு வந்து அவன் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஏ மாரி, முதுகுல ஏறிக் கொஞ்சம் மிதி என்றான். புருசன மிதிக்கவா, நான் மாட்டேன் என்று அவள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாளெல்லாம் ஊரான் பாத்திய மிதிக்க, எம் முதுகு என்ன பாவம் செஞ்சுது என்று கேட்டான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அந்த மாதம் முழுக்க அவள் சாயங்காலங்களில் புருசனை மிதித்தாள். அவன் முக்குவான், இன்னும் மேல, அங்க இல்ல, ஆங் அங்கதான் என்பான், பாயில் ஒருக்களித்து அழுந்திய அவன் முகம் கோணிக்கொண்டு சிரிக்கும், இடது தாடைத் தழும்பு அந்தச் சிரிப்பில் மடிந்து ஒரு கோடாகிவிடும்.

முகம் வந்துவிட்டது. கண்ணோடு, பல்லோடு, வெற்றிலைக் கறையோடு முழுசாக வந்துவிட்டது. சந்தனமாரி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தாள். வரப்பில் நின்றவர்களுக்கு அவள் யாரிடம் கேட்கிறாள் என்பது விளங்கியது. அவள் கால் பட்ட இடமெல்லாம் மண் இறுகியது, இறுகிய இடத்தில் வெயில் ஏறியது, வெயில் ஏறிய இடத்தில் நிழல் இல்லை. கால் போய்விட்டது, இடுப்பு போய்விட்டது, இறங்கிய தோளும் இறங்காத தோளும் போய்விட்டன. மூலையில் தலை மட்டும் கிடந்தது.

பாத்தியின் மூலையைக் காலால் மிதிக்க முடியாது, இரண்டு வரப்பும் இடிக்கும். அங்கே உட்கார்ந்து உள்ளங்கையால்தான் தட்டிச் சமன்படுத்த வேண்டும், எந்த அளத்திலும் அதுதான் முறை. சந்தனமாரி முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்போது இசக்கி, மாட்டேன் என்று சொன்னவள், இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கையை வைத்தாள்.

"தட்டு மதினி" என்றாள். "தூங்கட்டும்."

இரண்டு பேரும் தட்டினார்கள். அவசரமில்லாமல், பிள்ளையைத் தட்டுகிற மாதிரி ஒரு தாளத்தில், மாற்றி மாற்றித் தட்டினார்கள். தட்டத் தட்ட மண் வழவழவென்று ஆனது, கையின் ஈரம் மட்டும் அதில் மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் மூலை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

தவசிமுத்து, சரி, சாப்பிடுற நேரமாச்சு என்றார். ஆட்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். பாயைச் சுருட்டினார்கள். டிரம்மை வரப்புக்கு உருட்டினார்கள், அதில் தண்ணீர் அதற்குள் சூடாகத் தொடங்கியிருந்தது. ஒருவன் துண்டைத் தலையில் விரித்துக்கொண்டு, நல்லா இருந்துச்சு, கெடுத்தாச்சு என்று முணுமுணுத்தான். அவன் பெண்டாட்டி அவனை முழங்கையால் இடித்தாள். முனகினபடியே எல்லோரும் வெயிலில் உட்கார்ந்து வாளியைத் திறந்தார்கள்.

இசக்கி வரப்போரம் உட்கார்ந்து மடியில் வாளியை வைத்துக்கொண்டாள். வெயில் கண்ணில் அடித்தது, கண்ணை இடுக்கிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். சந்தனமாரி வரப்பில் ஏறி நின்று, கையில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு கையால் மறுகையில் உரசி உதிர்த்துக்கொண்டிருந்தாள். இசக்கியின் கண்ணில் அடித்த வெயில் சட்டென்று நின்றது. அவள் நிமிரவில்லை. மடிமேல், வாளியின்மேல், பிசைந்த சோற்றின்மேல் விழுந்து கிடந்ததைப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே ஒரு சாண் நகர்ந்து, அதற்குள் முழுவதுமாக வந்துகொண்டாள்.

"மதினி, கொஞ்சம் அப்படியே நில்லு" என்றாள். "வெயிலு சுள்ளுன்னு அடிக்கு."

இசக்கி கடைசி வாயையும் வழித்துப் போட்டுக்கொள்கிறவரை சந்தனமாரி அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றாள்.